நாடியைப் பிடித்தபடி ஒரு இரவு: இதய நோயாளியின் பயம் உடம்பை என்ன செய்கிறது?

இதய ரத்தக்குழாயின் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம். இரவு இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டி எழுந்து பார்த்தால், அப்பா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். வலது கை விரல்கள் இடது மணிக்கட்டில். கண் சுவர்க்கடிகாரத்தின் விநாடி முள்ளில். உதடு மட்டும் அசைகிறது, எண்ணிக்கொண்டிருக்கிறார். "என்னப்பா, வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்லம்மா, சும்மா பாத்தேன்" என்றார். அந்த "சும்மா" ஒரு ராத்திரியில் ஆறேழு தடவை நடந்துகொண்டிருந்தது.

ரிப்போர்ட்டுகள் எல்லாமே நன்றாக இருந்தன. அடைப்பு சரியாகிவிட்டது. இதயம் சுருங்கி விரியும் சக்தி குறையவில்லை என்று எக்கோ ஸ்கேன் சொன்னது. ஆனால் அப்பா படுக்கையை மாடியிலிருந்து கீழே இறக்கச் சொல்லிவிட்டார். படி ஏற மாட்டார். குளிக்கப் போனால் கதவைத் தாழ்ப்பாள் போட மாட்டார். வாசல் கேட் வரை போய்விட்டு உடனே திரும்பிவிடுவார். நாங்கள் எல்லோரும் மாற்றி மாற்றி "தைரியமா இருங்க" என்று சொன்னோம். ஒரு பலனும் இல்லை. ஏன் பலனில்லை என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆனது. புரிந்தபோது, அதை யாராவது முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஆற்றாமையாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாரடைப்போ பைபாஸோ வந்து போனவருக்குப் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சாவை ஒரு தடவை பக்கத்தில் பார்த்தவர் அவர். முதல் சில வாரங்களில் வருகிற பயம் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே வடிந்துவிடும். வடியாமல் தங்கிவிடுகிற பயத்தைத்தான் இதயம் சார்ந்த பதற்றம் என்று தனியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். உளவியலாளர் கியோர்க் ஐஃபர்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2000-ஆம் ஆண்டில் இதை அளக்க 18 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டார்கள். அதில் மூன்று இழைகள் உண்டு. ஒன்று, பயம்: சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகும் இதயத்தைப் பற்றியே கவலை. இரண்டு, தவிர்த்தல்: மூச்சு வாங்க வைக்கிற, வியர்க்க வைக்கிற எதையும் செய்யாமல் ஒதுங்குவது. மூன்று, கவனிப்பு: நாடியைப் பிடித்துப் பார்ப்பது, நெஞ்சுக்குள் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருப்பது. அந்தப் படிவத்தை முதன்முதலில் படித்தபோது, எங்கள் வீட்டுக்குள் யாரோ வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது.

இந்த மூன்றும் தனித்தனியாக நிற்பதில்லை. ஒன்று மற்றொன்றுக்குத் தீனி போடும்.

கவனிப்பிலிருந்தே தொடங்கலாம். நலமான இதயமும் கடிகாரம் போலத் துடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது சற்று வேகமாகும், விடும்போது சற்று நிதானமாகும். அவ்வப்போது ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்துவிடும். அதற்குப் பின் ஒரு சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் இதயத்தில் கூடுதலாக ரத்தம் நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாக இடிக்கும். நெஞ்சு ஒரு நொடி நின்றுவிட்டு "டக்" என்று உதைத்தது போல இருக்கும். நம்மில் பலருக்கு இது தினமும் நடக்கிறது. நாம் கவனிப்பதே இல்லை. கையை மணிக்கட்டில் வைத்துக் காத்திருப்பவருக்கு மட்டும் அது தப்பாமல் மாட்டும். மாட்டியதும் பகீர் என்கிறது. பயந்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது. அட்ரினலின் துடிப்பை வேகமாக்குகிறது, இப்படி முந்தி வரும் துடிப்புகளையும் கூட்டுகிறது. "பாத்தியா, ஏதோ சரியில்ல" என்று அவர் நினைத்ததற்கு அத்தாட்சி அங்கேயே கிடைத்துவிடுகிறது.

மூச்சும் இதில் சேர்ந்துகொள்ளும். பயந்தவர் தன்னை அறியாமலே வேகமாக, மேலோட்டமாக மூச்சு விடுகிறார். ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனி மரத்துப்போகிறது, தலை லேசாகிறது, வாய் ஓரம் கூசுகிறது, விலா எலும்புகளுக்கு நடுவிலுள்ள தசைகள் இறுகி நெஞ்சு பிடித்துக்கொள்கிறது. இவ்வளவும் மாரடைப்பின் அறிகுறிகளைப் போலவே தோன்றுவதுதான் கொடுமை. இது மனப்பிரமை இல்லை. வலி நிஜம், படபடப்பு நிஜம். அதை உண்டாக்கியது அடைப்பா, பயமா என்பதுதான் கேள்வி. "உங்களுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்புவது நோயாளியை அவமதிப்பது மட்டுமல்ல, உண்மைக்கும் புறம்பானது. தமிழில் நெஞ்சு என்ற ஒரே சொல் மார்புக்கும் மனசுக்கும் பொதுவாக இருக்கிறது. பேசும்போது நாம் பிரிக்காத இரண்டையும் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் பிரித்துவிடுகிறோம்.

இந்தக் குழப்பம் பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடப்பும் நெஞ்சுவலியும் மூச்சிரைப்புமாக வந்த படைவீரர்களை ஜேக்கப் மென்டிஸ் டா கோஸ்டா என்ற மருத்துவர் கவனித்தார். அவர்களுடைய இதயத்தில் கோளாறு என்று சொல்லும்படி எதையும் காணமுடியவில்லை. 1871-இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இந்தத் தொல்லைக்கு "படைவீரர் இதயம்" என்றும் ஒரு பெயர் உண்டு. முதல் உலகப்போரில் அதே தொல்லையோடு பெருந்திரளான வீரர்கள் வந்தார்கள். அவர்களை ஆராய்ந்த தாமஸ் லூயிஸ், படுக்கையில் போட்டு வைப்பது அவர்களை மேலும் முடக்குகிறது என்று கண்டு, படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போகும் உடற்பயிற்சியைக் கையாண்டார். நூறு வருஷத்துக்கு முன்னால் கிடைத்த அந்தத் துப்பு, உண்மையிலேயே இதய நோய் உள்ளவர்களுக்கும் பொருந்தும் என்று ஏற்றுக்கொள்ள மருத்துவம் இன்னும் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது.

அந்தப் படைவீரர்களுக்காவது இதயத்தில் கோளாறு இல்லை. கோளாறு வந்து சரியாக்கப்பட்டவருக்குப் பயம் என்ன செய்யும்? பதற்றத்தில் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன, இதயம் கேட்கும் ஆக்சிஜன் கூடுகிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டும் தன்மை அதிகமாகிறது. தேவைக்கு ஏற்பத் துடிப்பைக் கூட்டிக் குறைக்கும் நெகிழ்வு குறைகிறது. ரத்தக்குழாயில் ஏற்கெனவே அடைப்பு உள்ளவர்களில் சிலருக்கு, மன அழுத்தத்தின்போது இதயத் தசைக்குப் போகும் ரத்தம் வலியே தெரியாமல் குறைவதையும் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். மாரடைப்புக்குப் பிறகான பதற்றத்தைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2010-இல் கணக்கிட்டபோது, பதற்றம் உள்ளவர்களுக்கு மறுபடியும் இதயச் சிக்கல் வரும் வாய்ப்பு 36 சதவீதம் கூடுதலாக இருந்தது. மாரடைப்பின் அதிர்ச்சி கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வந்து வாட்டுகிற நிலை ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு உண்டு என்றும், அவர்களுக்கு ஆபத்து சுமார் இரண்டு மடங்கு என்றும் 2012-இல் இன்னொரு திரட்டு சொன்னது.

இந்த எண்களைப் படித்துவிட்டு "ஐயோ, பயந்தா செத்துப் போயிடுவோமா" என்று யாரும் பயந்துவிடக் கூடாது. இவை தொடர்பைக் காட்டுகின்றன. பயம் மட்டுமே காரணம் என்று நிறுவுவதில்லை. நோய் கடுமையாக இருப்பவர் அதிகம் பயப்படுவதும் இயல்புதானே. என் பார்வையில், அட்ரினலினை விடப் பெரிய சேதத்தைச் செய்வது இரண்டாவது இழைதான். தவிர்த்தல்.

படி ஏறாமல் இருப்பவரின் கால் தசை சில வாரங்களிலேயே இளைக்கத் தொடங்குகிறது. பழக்கமில்லாத தசை அதே வேலைக்கு இதயத்திடம் அதிகம் கேட்கிறது. பத்து நாள் கழித்து ஏதோ அவசரத்துக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், நாடி எகிறும். அது உழைப்புக் குறைவால் வந்தது. அவர் அதை "இதயம் பலவீனமாயிடுச்சு" என்று படிக்கிறார். மறுநாள் அந்த நாலு படியும் இல்லை. உலகம் ஒரு அறையாகச் சுருங்குகிறது. இதயத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்வதே அதற்குக் கெடுதலாக முடிகிறது. இதய நோயாளிகளிடம் அசைவதற்கே உள்ள அச்சத்தை சுவீடனில் அளந்து பார்த்தார்கள். சுமார் ஐந்தில் ஒருவருக்கு அது கடுமையாக இருந்தது. யாருக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை அவசியமோ, பயம் அவரையே அந்த வாசலில் நிறுத்திவிடுகிறது.

நோயாளியை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அசையாமல் கிட என்று கற்றுக்கொடுத்ததே மருத்துவம்தான். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் படுக்கையில் கிடத்தினார்கள். ஊட்டிவிட்டார்கள், புரளவும் உதவி செய்தார்கள். காலில் ரத்தம் உறைந்து அது நுரையீரலுக்குப் போய் இறந்தவர்கள் உண்டு. சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லௌனும் 1952-இல் ஒரு எளிய காரியத்தைச் செய்து காட்டினார்கள். 81 நோயாளிகளைத் தொடக்கத்திலேயே சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை. நோயாளிகளின் உடம்போடு மனசும் தெளிந்தது. 1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது, அவரைக் கவனித்த பால் டட்லி வைட் அவரை நடமாடவும் வேலைக்குத் திரும்பவும் ஊக்குவித்தார். அடுத்த ஆண்டே ஐசனோவர் தேர்தலில் நின்று இரண்டாம் முறையும் அதிபரானார். மாரடைப்பு வந்தால் வாழ்க்கை முடிந்தது என்ற எண்ணத்துக்கு அது பெரிய அடி.

ஆனாலும் பழைய பயம் இன்றைக்கும் வார்த்தைகளில் மிஞ்சியிருக்கிறது. "பாத்து இருங்க", "ஸ்ட்ரெயின் பண்ணாதீங்க", "வெயிட் தூக்காதீங்க" என்று டிஸ்சார்ஜ் அன்றைக்கு அவசரமாகச் சொல்லிவிடுகிறார்கள். எது ஸ்ட்ரெயின், எவ்வளவு வெயிட், எத்தனை நாளைக்கு என்று சொல்வதில்லை. பைபாஸ் முடிந்தவரிடம் கனம் தூக்காதே என்று சொல்வதற்கு முக்கியக் காரணம் இதயம் அல்ல, அறுத்துக் கம்பியால் கட்டிய மார்பெலும்பு. அது கூடிவர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஸ்டென்ட் வைத்தவரிடம் சொல்வது, குழாய் நுழைத்த மணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ ரத்தம் கசிந்துவிடக் கூடாது என்பதற்காக. அது பெரும்பாலும் சில நாள் கதை. இந்த ஒரு விளக்கம் கிடைக்காததால், எலும்புக்கும் தோலுக்கும் சொன்ன தடையை ஆயுள் முழுக்க இதயத்துக்கான தடையாகச் சுமப்பவர்கள் எத்தனை பேர்! எங்கள் அப்பாவும் அப்படித்தான் சுமந்தார்.

அவரைவிட அம்மா அதிகம் சுமந்தார். அப்பா கையில் ஒரு பை இருந்தால் ஓடிவந்து பிடுங்குவார். அப்பா இருமினால் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு வந்து நிற்பார். அன்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் பிடுங்கப்பட்ட ஒவ்வொரு பையும் அப்பாவிடம் "உன்னால முடியாது" என்று சொன்னது.

இதைப் பற்றிய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1985-இல் வெளியானது. ஸ்டான்ஃபோர்டில் சி. பார் டெய்லர், ஆல்பர்ட் பண்டூரா முதலியவர்கள் செய்தது. மாரடைப்பு வந்து மூன்று வாரமான ஆண்களுக்கு டிரெட்மில் சோதனை. மனைவிமாரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சோதனை நடக்கும் இடத்திலேயே இல்லை. இன்னொரு பிரிவினர் கணவர் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பிரிவினர் பார்த்ததோடு நிற்காமல், கணவர் எட்டிய அதே வேகத்தில், அதே ஏற்றத்தில் தாங்களும் சில நிமிடம் டிரெட்மில்லில் நடந்தார்கள். கடைசியில், கணவரின் இதயம் எவ்வளவு தாங்கும் என்பதில் மனைவியின் நம்பிக்கை யாருக்கு ஏறியது? வெறுமனே பார்த்தவர்களுக்கு இல்லை. நடந்து பார்த்தவர்களுக்கு. தன் காலே கெஞ்சியபோதுதான், இவ்வளவு தூரத்தையா இவர் நடந்தார் என்று அவர்களுக்கு உறைத்தது.

"தைரியமா இரு" என்பது ஏன் வேலை செய்யவில்லை என்ற என் கேள்விக்கும் பதில் இங்கேதான் கிடைத்தது. இந்தப் பயம் காதால் கேட்டு இறங்குவதில்லை. உடம்பு தானே செய்து பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று கண்டால்தான் இறங்கும். ஆறுதல் வார்த்தை ஒரு மணி நேரம் தாங்கும். புது ஈசிஜி நாலு நாள் தாங்கும். பிறகு "அதுக்கப்புறம் ஏதாவது ஆகியிருந்தா?" என்ற சந்தேகம் மறுபடி தலை தூக்கும். சோதனை மேல் சோதனை எடுப்பது தாகத்துக்கு உப்புத் தண்ணீர் குடிப்பது போல. ஸ்மார்ட்வாட்ச்சும் அப்படி ஆகலாம். ஒழுங்கற்ற இதயத்துடிப்பு உள்ளவர்களிடம் செய்து 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கடிகாரம் கட்டியவர்களில் ஐந்தில் ஒருவர் அதன் எச்சரிக்கைகளால் பயமும் பதற்றமும் அடைந்ததாகச் சொன்னார்கள். மருத்துவர் பார்க்கச் சொன்ன நேரத்தில் பார்த்தால் அது கருவி. இரவு இரண்டு மணிக்குப் பார்த்தால் அது நோயின் ஒரு பகுதி.

பயத்துக்கு ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மாரடைப்பு வந்து மருத்துவமனைக்கு வந்தவர்களை ஜெர்மனியில் ஆராய்ந்தபோது, பதற்றக் கோளாறு உள்ள பெண்கள் மற்றப் பெண்களைவிடச் சீக்கிரமாக வந்து சேர்ந்திருந்தார்கள். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் விலை இதயத் தசை. "வாயுவா இருக்கும்" என்று சொல்லி விடியும்வரை காத்திருப்பவர் பயப்படாதவர்தான். ஆனால் அவர்தான் அதிகம் இழக்கிறார். ஆகவே பயமே இல்லாமல் ஆக்குவது நோக்கம் அல்ல. எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம். நெஞ்சை அழுத்தும் வலி புதிதாக வந்தாலோ, தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மயக்கம் வந்தாலோ, நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை போட்டும் ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டாலோ, வீட்டில் உட்கார்ந்து ஆராயக் கூடாது. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அது பதற்றம்தான் என்று பிறகு தெரியவந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, வழி என்ன? இதய மறுவாழ்வுப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. மாத்திரை, உணவு, மனம் எல்லாம் அதில் உண்டு என்றாலும் மையம் உடற்பயிற்சி. கண்காணிப்பில், கொஞ்சம் கொஞ்சமாக. இதய நோயால் வரும் இறப்பையும் மறுபடி மருத்துவமனையில் சேர்வதையும் அது குறைப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான் பார்த்தவரை அதன் இன்னொரு பலன் இது: வியர்வையும் மூச்சிரைப்பும் வேகத் துடிப்பும் ஆபத்தின் அடையாளம் அல்ல, உழைப்பின் அடையாளம் என்று உடம்பு மறுபடியும் கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தை நர்ஸோ பிசியோதெரபிஸ்ட்டோ பக்கத்தில் நிற்கும்போது கற்றுக்கொள்வது எளிது.

பயம் அதற்கும் மேலே போய்விட்டால், தூக்கத்தைக் கெடுத்தால், வெளியே போகவே விடாவிட்டால், மாரடைப்பை நினைவுபடுத்துகிறது என்பதற்காக மாத்திரையையே ஒதுக்க வைத்தால், உளவியல் சிகிச்சை வேண்டும். எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் சிகிச்சை பதற்றத்தைக் குறைக்கிறது. அது ஆயுளையும் நீட்டுமா? மாரடைப்புக்குப் பிறகான மனச்சோர்வுக்காக, சுமார் 2,500 பேரிடம் நடந்து 2003-இல் வெளியான பெரிய ஆய்வில் மனச்சோர்வு குறைந்தது. இறப்பு விகிதம் மாறவில்லை. எனக்கு அது ஏமாற்றமாகத் தோன்றவில்லை. வாழ்கிற நாளைப் பயமில்லாமல் வாழ்வதே ஒரு சிகிச்சைக்குப் போதுமான பலன். மருந்தும் உண்டு, செர்ட்ராலின் போன்ற மாத்திரையை அண்மையில் மாரடைப்பு வந்தவர்களுக்கும் பாதுகாப்பாகக் கொடுக்கலாம் என்று 2002-இலேயே சோதித்திருக்கிறார்கள். எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

உடலுறவைப் பற்றிக் கேட்க வெட்கப்பட்டு, பயத்திலேயே கணவனும் மனைவியும் ஒதுங்கிவிடுவதும் உண்டு. நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லாமல் இரண்டு மாடி ஏற முடிந்தால், பொதுவாக அதற்கும் இதயம் தயார் என்பதே மருத்துவர்களின் கணக்கு. கேட்டால் சொல்வார்கள். பெரும்பாலும் கேட்காததால்தான் சொல்லாமல் விடுகிறார்கள்.

அதனால் கேட்க வேண்டும், அளவோடு கேட்க வேண்டும். "நடக்கலாமா டாக்டர்?" என்று கேட்டால் "நடங்க, பாத்து நடங்க" என்பதே பதிலாக வரும். எத்தனை நிமிஷம், எத்தனை மாடி, நாடி எவ்வளவு வரைக்கும் ஏறலாம், எவ்வளவு கனம், எந்தத் தேதியிலிருந்து என்று எழுதிக்கொண்டு போய்க் கேட்டால் எண்ணாகப் பதில் வரும். கூடவே "எனக்குப் பயமா இருக்கு" என்ற ஒரு வாக்கியத்தையும் சொல்லிவிட வேண்டும். ரத்த அழுத்தத்தைச் சொல்வது போலவே. நாங்கள் இரண்டாவது மாதம்தான் அதைச் சொன்னோம். டாக்டர் ஒரு காகிதத்தை எடுத்து, "இந்த வாரம் ஆறு படி, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு படி கூட்டுங்க. நாடியைக் காலையில ஒரு தடவை, அவ்வளவுதான்" என்று எழுதிக் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் பதினெட்டுப் படி. கணக்குப்படி ஒரு மாதத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். இரண்டு மாதம் ஆனது. பதினொன்றாவது படியில் அப்பா ஒரு வாரம் நின்றார். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் மேலே போய், தன் படுக்கையை அங்கேயே போடச் சொல்லிக் குரல் கொடுத்தார். இப்போது இரவில் எழுந்து உட்காருவது அபூர்வம். அவர் படி ஏறும்போது அம்மா மட்டும் இன்னும் கைவேலையை நிறுத்திவிட்டு, பதினெட்டு வரைக்கும் காலடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார்.